மூன்று பேர் பேசும் மொழியும் மூன்று மணிக் காபியும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கட்டுரையில் அந்த மொழியின் பெயர் வராது. பின்னூட்டத்தில் வந்து "எந்த மலை, எந்த ஜனம்" என்று கேட்காதீர்கள், பதில் போடமாட்டேன். தெருவையும் வேறு சில விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவருக்குப் போனில் முழுவதையும் படித்துக் காட்டி, அவர் "சரி, போடுங்கம்மா" என்ற பிறகுதான் போடுகிறேன். அப்படி என்ன ரகசியம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, மார்ச் மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணி வரைக்கும்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்கு: திருச்சியில் கல்யாணப் போட்டோ எடுப்பது என் பிழைப்பு. பதினெட்டு வருஷமாக மாப்பிள்ளைகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருக்கிறேன். முகூர்த்தம் இல்லாத மார்கழியில்தான் எனக்குப் பிடித்ததை எடுக்க நேரம் கிடைக்கும். போன மார்கழியில் அண்ணன் மகளுக்குச் சேலை எடுக்கத் தி.நகர் போனபோது, ஒரு கடை ஓரத்தில் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்கும் அக்கா ஒருவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். தமிழ் இல்லை, தெலுங்கு இல்லை, கன்னடம் இல்லை. அதுவரை சிடுசிடு என்று இருந்த முகம் அந்தப் பத்து நிமிஷம் வேறு ஆளுடைய முகமாக இருந்தது. விடுவேனா? மறுநாளும் போய் உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மொழி பேசத் தெரிந்தவர்கள் என்று மிச்சம் இருப்பது, அவர்களுக்குத் தெரிந்து, மூன்று பேர். மூவரும் கூடப் பிறந்தவர்கள். மூத்தவர் மயிலாப்பூர், நடுவில் இந்தத் தி.நகர் அக்கா, இளையவர் அடையாறில் ஒரு அடுக்குமாடியில் காவல் வேலை. பெயர்களைச் சொல்ல மாட்டேன் என்பதால் பெரியவர், அக்கா, சின்னவர் என்றே வைத்துக்கொள்வோம். தினமும் மதியம் இரண்டரை மணிக்கு அக்கா மற்ற இருவரையும் ஒரே இணைப்பில் கூப்பிடுவார். இருபது நிமிஷம். யாருக்கு முட்டி வலி, எந்த வீட்டில் என்ன குழம்பு, அவ்வளவுதான் பேச்சு. அக்கா வீட்டில் இன்றைக்கு என்ன கருவாடு என்று பெரியவர் தவறாமல் கேட்பாராம். அந்த மொழி இப்போது உலகத்தில் உயிரோடு இருப்பது அந்த இருபது நிமிஷத்தில் மட்டும்தான்.

நான் எடுத்ததும் அந்த நேரத்தில்தான். "கேமராவப் பாக்காதீங்க, அண்ணன்கூடப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு, ஒருநாள் தி.நகர், ஒருநாள் அடையாறு, ஒருநாள் மயிலாப்பூர் என்று மூன்று மதியம். பெரியவர் மட்டும் வீட்டுக்குள் பேசமாட்டார். மொட்டை மாடிக்கு ஏறி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டுதான் பேசுவார். அங்கே சிக்னல் நன்றாக வரும் போலிருக்கிறது என்று நினைத்தேன், மண்டு. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "பேரு வேணாம்மா. தெருப் பேரும் வேணாம். அடையாறுலதானே மாட்டுவீங்க? அப்ப சரி." ஏன் என்று நான் கேட்கவில்லை. கல்யாண வேலையில் அந்தப் பழக்கமே கிடையாது. "அந்தச் சித்தியை மட்டும் எடுக்காதம்மா" என்றால் எடுக்காமல் விட்டுவிடுவோம், காரணம் கேட்கமாட்டோம்.

அடையாறில் ஒரு சின்ன அரங்கில் நாலு பேர் சேர்ந்து கண்காட்சி வைத்தோம். என் பங்கு இந்த மூன்று படங்கள். திறப்பு ஞாயிறு மாலை ஐந்து மணி. அழைப்பிதழின் முகப்பில் போட ஏற்பாட்டாளர் பெரியவர் படத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். கண்ணில் வெயில் அடிக்க, சொல்லிக்கொண்டிருந்த சொல் பாதி உதட்டில் நிற்க, நேரே பார்க்கும் முகம். கீழே மொழியின் பெயர், "கடைசி மூவரில் ஒருவர், மயிலாப்பூர்" என்று ஒரு வரி. அந்த வரியை எழுதிக் கொடுத்தது நான்தான். மயிலாப்பூர் என்ன தெருப் பெயரா?

ஞாயிறு காலை 5.20க்கு எழும்பூரில் இறங்கினேன். மயிலாப்பூருக்கு ஆறு கிலோமீட்டர் சொச்சம், ஆட்டோ 220 ரூபாய். குளத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறை 1,400, வெந்நீர் ஏழு மணி வரைக்கும்தான், கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு பொங்கல் வடையை முடித்துவிட்டு, மாட வீதியில் வெற்றிலை பாக்கு, இரண்டு சீப்பு வாழைப்பழம், கொஞ்சம் பூ, எல்லாம் 140 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டேன். பெரியவருக்கு அழைப்பிதழை முறையாகக் கொடுக்க வேண்டும் என்று ஆசை. அவர் முகம் போட்ட பத்திரிகை, முதலில் அவர் கைக்குப் போக வேண்டாமா?

வீடு நடந்து போகும் தூரம்தான், பத்து நிமிஷம். 9.15க்குப் போனால் மாடிக் கதவு பூட்டியிருந்தது. கீழ்வீட்டு மாமி வெளியே வந்தார். அந்த வீட்டின் சொந்தக்காரர், எழுபதை ஒட்டிய வயது, நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட மூக்குக் கண்ணாடி.

"மாடியில ஆத்துல இல்லையே. ஞாயித்துக்கிழமைன்னா பொண்ணாத்துக்குப் போயிடுவா, ரெண்டு மணிக்குத்தான் வருவா. என்ன விசேஷம்?"

"ஒரு அழைப்பிதழ் மாமி. ஐயாகிட்ட கொடுத்துடறீங்களா?"

கொடுத்ததோடு வந்திருக்க வேண்டும். ஆனால் மாடிக்குப் பத்திரிகை வைக்க வந்துவிட்டுக் கீழ்வீட்டைத் தாண்டிப் போனால் நன்றாகவா இருக்கும்? வாழ்நாளில் ஆயிரம் கல்யாணம் பார்த்தவள் நான். பையிலிருந்து இன்னொரு உறையை எடுத்து, அதன்மேல் வெற்றிலையும் ஒரு சீப்புப் பழமும் வைத்து, "நீங்களும் அவசியம் வரணும் மாமி" என்று நீட்டினேன். மாமிக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"நேக்குமா? பேஷ். இப்போ பாட்டு க்ளாஸுக்கு நாழியாறது, அடையாறு காந்தி நகர் போகணும். ஒரு மணிக்கு முடிஞ்சு ஆத்துக்கு வர ரெண்டாயிடும். மூணு மணிக்குக் காபி சாப்ட்டுண்டே நிதானமா பிரிச்சுப் பாக்கறேன்."

ஒட்டிய உறை இரண்டையும் உள்ளே கொண்டுபோய் நாள்காட்டிக்குக் கீழே செருகி வைத்தார். நான் ரொம்பப் பெருமையாக இறங்கி வந்தேன்.

தி.நகருக்கு நாலரை கிலோமீட்டர், ஆட்டோ 130. மெட்ரோ வேலைக்காகச் சாலையைப் பாதி அடைத்திருந்ததால் முப்பத்தைந்து நிமிஷம் ஆனது. அக்கா கடை ஓரத்தில் தையல் இயந்திரத்தோடு உட்கார்ந்திருந்தார், சுற்றிலும் சேலை மூட்டை. அழைப்பிதழை நீட்டியதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் அந்த முகத்தை விரலால் ஒருமுறை தடவினார்.

"சோக்கா கீதும்மா. எங்கப்பன் மாதிரியே கீறாரு. அண்ணன் பாத்துச்சா?"

"இல்லக்கா, வீட்ல இல்ல. கீழ்வீட்டு மாமிகிட்ட கொடுத்துட்டு வந்தேன். மாமிக்கும் ஒண்ணு வச்சேன், வெத்தல பாக்கோட."

அக்கா அழைப்பிதழைச் சேலை மூட்டைமேல் போட்டார்.

"இன்னா காரியம் பண்ணிகினு வந்துகீறே நீ?" என்று எழுந்தே விட்டார். "எங்க பாஷ பேரும் எங்க ஜாதிப் பேரும் ஒண்ணுதாம்மா! ஒண்ணச் சொன்னா இன்னொண்ணு தெரிஞ்சுபூடும்! அந்த வூட்ல அண்ணன் தெலுங்குக்காரன்னு சொல்லிகினு கீது. இருவத்தி ரெண்டு வருசமா!"

நடுத்தெருவில் நின்றுகொண்டு அவர் சொன்னதை எல்லாம் கேட்டேன். அந்தத் தெருவில் வீடு கிடைக்க வேண்டும் என்றால் இன்ன ஆட்களாக இருக்க வேண்டும், சைவமாக இருக்க வேண்டும். பக்கத்துக் கேட்டில் தொங்கும் "சைவம் மட்டும்" பலகையை நானே மார்கழியில் வேடிக்கைக்காகப் படம் எடுத்திருந்தேன், மண்டையில் ஏறினால்தானே. பெரியவர் வேலை பார்த்த அலுவலகத்தில் யாரோ சொல்லி, தெலுங்குக்காரர் என்று சொல்லிக் குடிவந்தார். போனில் பேசும் மொழி யார் காதிலாவது விழுந்து, இது தெலுங்கு இல்லை என்று தெரிந்துவிடக் கூடாது என்றுதான் அந்த மொட்டை மாடி.

"சரிக்கா, மிஞ்சிப்போனா என்ன, வேற வீடு..." என்று இழுத்தேன்.

"அண்ணிக்குக் கண்ணு தெரியாதுன்னு உனக்குத் தெரியுமில்ல? ஒம்போது வருசமாச்சு. அந்த வூட்ல எத்தினி எட்டுல அடுப்பு, எத்தினி படியில வாசலு, பூக்காரி எந்த மூலையில, எல்லாம் அதுக்கு அத்துப்படி. தனியா குளத்தாண்ட வரைக்கும் போய்கினு வருது. அந்த வூட்ட வுட்டா அன்னிக்குத்தான் அது குருடி."

பெரியவர் மனைவி, மார்கழியில் தானே காபி கலந்து, தானே கொண்டுவந்து, சரியாக என் கைக்கு நேரே நீட்டியவர். அழுகை வந்தது, என்மேலேயே கோபமும் வந்தது. பதினெட்டு வருஷத் தொழிலில் கற்றுக்கொண்ட மரியாதை, ஒரு குடும்பத்தைத் தெருவுக்குக் கொண்டுவரப் பார்க்கிறது.

பெரியவருக்குப் போன் போட்டால் அணைத்து வைத்திருந்தது. "ரெண்டரைக்குத்தான் ஆன் பண்ணும்" என்றார் அக்கா. மாமி வீடு இரண்டு மணி வரை பூட்டு. மூன்று மணிக்குக் காபி. இந்தக் கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கும்போதுதான் இன்னொன்று உறைத்தது. அரங்கின் வாசலில், சாலையைப் பார்த்து, அதே முகத்தை ஆறடிக்குப் பேனராகக் கட்டியிருக்கிறார்கள். மாமியின் பாட்டு வகுப்பு காந்தி நகர். ஒரு மணிக்கு வகுப்பு முடிந்து அந்த வழியாகத்தான் திரும்புவார். உறையைப் பிரிக்கவே வேண்டாம்.

11.05க்கு ஆட்டோ. அடையாறுக்கு ஆறு கிலோமீட்டர், 180 என்றார், பேரம் பேசாமல் ஏறினேன். நந்தனம் திரும்பும் இடத்தில் பதினைந்து நிமிஷம் நகரவே இல்லை. ஐந்து தடவை மணி பார்த்திருப்பேன்.

"இன்னா மேடம், ஃப்ளைட்டா?" என்றார் ஓட்டுநர், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே.

"இல்லண்ணா. ஒரு பேனர் அவிழ்க்கணும்."

"கட்டுறதுக்கு ஓடுவாங்க, பாத்துக்கீறேன். அவுக்கிறதுக்கு ஓடுற ஆளு நீங்கதான்" என்று சொல்லிவிட்டு, கோட்டூர்புரம் பக்கம் ஒரு சந்தில் நுழைந்து எப்படியோ 11.50க்குக் கொண்டுவந்து விட்டார். இருபது ரூபாய் சேர்த்துக் கொடுத்தேன்.

அக்கா போன் பண்ணிச் சொல்லியிருந்ததால் சின்னவர் எனக்கு முன்னாலேயே வாசலில் நின்றார், காவல் சீருடையோடு. ஆனால் பேனரை அவிழ்க்க அல்ல. அதற்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அவுக்கக் கூடாது மேடம்."

"அண்ணா, உங்க அண்ணன் வீடு..."

"எனக்குத் தெரியாதா? இருவத்தி ரெண்டு வருசமா எங்கண்ணன் மாடியில திருடன் மாதிரி பேசிகினு கீறாரு. நம்ம பாஷைய பேசறதுக்கு! இப்பத்தான் மொதோ வாட்டி ரோட்டைப் பாத்து நிக்கறாரு. அத எதுக்கு நான் அவுக்கணும்? பாக்கட்டும், எல்லாரும் பாக்கட்டும்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தை தப்பு கிடையாது. அதுதான் கஷ்டம். நானே அவர் இடத்தில் இருந்தால் இன்னும் இரண்டு பேனர் கட்டியிருப்பேன். ஆனால் அடுப்புக்கு எத்தனை எட்டு என்று எண்ணி நடப்பது அவரும் இல்லை, நானும் இல்லை.

"இத முடிவு பண்ண வேண்டியது பெரியவர்ண்ணா. அவரக் கேக்காம கொடுத்தது என் தப்பு. அவரக் கேக்காம விட்டா அது நம்ம ரெண்டு பேர் தப்பு. ரெண்டரைக்குக் கேப்போம். அதுவரைக்கும் இறக்கி வைப்போம்" என்றேன்.

சின்னவர் சாலையை ஒருமுறை பார்த்தார். பிறகு கேட்டின்மேல் ஏறிக் கயிற்றை அவிழ்த்தார். கிழிக்கவில்லை, மடக்கவும் விடவில்லை. முகம் உள்பக்கம் வரும்படி உருட்டித் தோளில் வைத்துக்கொண்டார். மணி 12.15.

உள்ளே மாட்டியிருக்கும் படத்தை எடுக்க அரங்கு திறக்க வேண்டும். சாவி வைத்திருந்த ஏற்பாட்டாளர் 1.20க்குத்தான் வந்தார். "மேடம், அந்தப் படந்தான் இந்தக் கண்காட்சியே" என்றார். தெரியும் என்றேன். "பத்திரிகைல இருந்தெல்லாம் வராங்க" என்றார். அதனால்தான் என்றேன். கடைசியில் "உங்க படம், உங்க இஷ்டம்" என்று சலித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். மேசையில் இருந்த மிச்ச அழைப்பிதழ்களையும் வாரிப் பையில் போட்டுக்கொண்டேன். ஏற்கெனவே வெளியே போனவை போனவைதான், ஆனால் அவற்றில் மயிலாப்பூருக்குப் போனவை இரண்டே இரண்டு.

திரும்ப ஆட்டோவை நம்பவில்லை. கஸ்தூர்பா நகர் நிலையத்திலிருந்து பறக்கும் ரயிலில் திருமயிலைக்கு ஐந்து ரூபாய், பதிமூன்று நிமிஷம். ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் குறைவு என்று யாராவது எழுதியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அதனால் நான் எழுதுகிறேன். நான் படியேறி முடிக்கவும் 2.03 வண்டி கிளம்பவும் சரியாக இருந்தது. அடுத்தது 2.30. அந்தக் காலி நடைமேடையில் இருபத்தேழு நிமிஷம் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். இரண்டு மணிக்கு மாமி வந்திருப்பார். சில பேர் சீக்கிரம் காபி போடுவார்கள்.

2.30க்கு வண்டியில் ஏறியதும் பெரியவர் எண்ணுக்கு அடித்தேன். பேசிக்கொண்டிருக்கிறார் என்று வந்தது. கூடப் பிறந்தவர்கள் இருவரும் அவரிடம் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள், அவர்கள் மொழியில். எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாத மொழியில் என் முட்டாள்தனம் இந்நேரம் பேசப்படுகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

2.43 திருமயிலை. அங்கிருந்து ஓட்டமும் நடையுமாக, கேமராப் பை முதுகில் இடிக்க, வீட்டு வாசலை அடைந்தபோது 2.54. டிகாக்ஷன் வாசனை வாசல் வரைக்கும் வந்தது.

கதவு திறந்துதான் இருந்தது. மாமி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்து முக்காலியில் டபராவில் காபி. மடியில் பிரித்த உறை. அதன்மேல் அழைப்பிதழ், பெரியவர் முகம் மேலே பார்த்தபடி.

அப்படியே வாசற்படியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மாடியிலிருந்து பெரியவர் குரல் இறங்கி வந்துகொண்டிருந்தது. மார்கழியில் கேட்ட குரல் இல்லை, சத்தம் கூடியிருந்தது. மறைக்க மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

"வாங்கோ, என்ன இப்படி மூச்சு வாங்கறது? உக்காருங்கோ" என்றார் மாமி. கண்ணாடி காலையில் இருந்த இடத்திலேயே, நெற்றிக்கு மேல். "இந்தக் கார்டு எதைப் பத்தின்னே புரியலை. கண்ணாடி இல்லாட்டா நேக்கு ஒண்ணும் தெரியாது. எங்கே வச்சேனோ, காலம்பறலேர்ந்து தேடறேன்."

நான் அவர் நெற்றியைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார், கண்ணை எடுக்காமல்.

மாடியில் குரல் மறுபடி உயர்ந்தது. மாமி காபியை ஒரு ஆற்று ஆற்றினார்.

"தங்கையோட பேசிண்டிருக்கார். தெனம் ரெண்டரைக்குப் பேசுவார். எங்காத்துக்காரர் பேங்க்ல இருந்தார், பதினோரு வருஷம் விஜயவாடாவில குப்பை கொட்டினோம். தெலுங்கு நேக்கு நன்னாப் பேச வரும், எழுதப் படிக்கக்கூட வரும்." ஒரு வாய் குடித்துவிட்டு டபராவைக் கீழே வைத்தார். "அது தெலுங்குதான்."

எனக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. அவர் அதையும் பார்க்காத மாதிரி அழைப்பிதழை உறைக்குள் போட்டு, நாள்காட்டியில் செருகியிருந்த இன்னொரு உறையையும் எடுத்து, இரண்டையும் என் கையில் வைத்தார்.

"இதை நீங்களே எடுத்துண்டு போயிடுங்கோ. சாயங்காலம் என் பிள்ளை வரான். அவனுக்குக் கண்ணு நன்னாத் தெரியும்."

இதைப் படிக்கும் உங்களுக்கு மாமியை உடனே பிடித்துப்போயிருக்கும். எனக்கு அன்றைக்குப் பாதிதான் பிடித்தது, இன்றைக்கும் அப்படித்தான். இருபத்திரண்டு வருஷம் காட்டிக்கொடுக்காமல் இருந்தாரே என்று காலில் விழத் தோன்றியது. இருபத்திரண்டு வருஷமும் ஒரு மனுஷன் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து பேசுகிறார் என்று தெரிந்தும், "உள்ள உக்காந்தே பேசுங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபமும் வந்தது. இரண்டையும் சொல்லாமல் "வரேன் மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு மாடி ஏறினேன்.

பெரியவர் தொட்டிக்குப் பின்னாலேயே நின்றார். போன் கையில், பேச்சு முடிந்திருந்தது. நடந்ததைச் சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன், சரியாகக் கேட்டேனா என்று தெரியவில்லை, அழுதுகொண்டே கேட்டேன்.

"கண்ணாடி இல்லன்னா சொன்னாங்க?" என்றார். "அந்தம்மா கண்ணாடி இல்லாமயே ஊசியில நூல் கோக்கும்மா." சிரிப்பு மாதிரி ஒன்று வந்து பாதியில் நின்றுவிட்டது. கைப்பிடிச் சுவரில் கையை ஊன்றினார். "அப்ப இத்தன வருஷம் நான் இங்க வந்து வந்து வெயில்ல நின்னது யாருக்காக?"



கீழே, மாடி வீட்டுக் கதவைத் திறந்துகொண்டு அவர் மனைவி படிச் சுவரில் கை வைத்து ஏறி வந்தார். ஒவ்வொரு படிக்கும் உதடு அசைந்தது. பதினேழாவதில் நின்று, "கீழ மாமி ஏதோ சொன்னாங்க போலிருக்கே, என்னங்க?" என்றார். பெரியவர் என்னைப் பார்த்துத் தலையை அசைத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, காபி நல்லா இருந்துச்சாம்" என்றார். பிறகு என் பக்கம் குனிந்து, "படம் வேணாம்மா. தம்பிகிட்ட நான் சொல்லிட்டேன், திட்டறான், திட்டட்டும்" என்றார்.

மாலை ஐந்து மணிக்குக் கண்காட்சி திறந்தது. அக்கா படம், சின்னவர் படம், நடுவில் ஒரு ஆணி. வேறு எதையாவது மாட்டு என்று ஏற்பாட்டாளர் சொன்னதை நான் கேட்கவில்லை. முதலில் வந்தவர்கள் எல்லோரும் அந்த ஆணிக்கு முன்னால் நின்று குரலைத் தாழ்த்தி ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "மூணாவது ஆள் தவறிட்டாரா?" பட்டுச் சேலையில் வந்திருந்த அக்காதான் பட்டென்று சொன்னார்:

"தவறியெல்லாம் போவலப்பா. வேலையா கீறாரு."

அதன் பிறகு யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் சின்னவர் வந்து அந்த ஆணியை முதுகால் மறைத்துக்கொண்டு, கையைக் கட்டி, ஏழரை மணி வரைக்கும் அங்கேயே நின்றார். என்னோடு அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

இந்த மாதிரிப் படம் எடுக்கக் கிளம்பும் நண்பர்களுக்கு ஒன்றிரண்டு சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை சென்னையில் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு மூன்றையும் ஒரே நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள். மெட்ரோ வேலை முடியும்வரை ஒவ்வொரு தூரத்துக்கும் முக்கால் மணி நேரம் கூடுதலாக வையுங்கள். மயிலாப்பூரிலிருந்து அடையாறுக்குப் பறக்கும் ரயில்தான் நல்லது, ஆனால் வண்டி நேரத்தை முந்தின நாளே பார்த்துவிடுங்கள். அன்று ஒரு நாள் ஆட்டோவுக்கும் ரயிலுக்கும் எனக்கு ஆனது 555 ரூபாய், அதில் அந்த ஐந்து ரூபாய்தான் வேளைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இன்னொன்று, இது ரயில் நேரத்தைவிட முக்கியம். "படம் எடுக்கலாமா, எங்கே மாட்டலாம்" என்றுதான் நாம் எல்லோரும் கேட்கிறோம், கையெழுத்தும் வாங்கிக்கொள்கிறோம். நான் இப்போது முதலில் வேறொன்று கேட்கிறேன்: "இந்தப் படத்தை யார் பார்க்கக் கூடாது?" கல்யாண வீட்டில்கூடக் கேட்கிறேன். சிரிக்கிறார்கள், அப்புறம் யோசித்து ஒரு பெயர் சொல்கிறார்கள்.

அந்தப் படத்தை மயிலாப்பூர் வீட்டில் மாட்ட முடியாது, மாமியின் பிள்ளை வந்து போகிறார். அக்கா வீட்டுச் சுவரில் ஆணி நிற்காது. கடைசியில் பெரியவரே சொன்னார், "திருச்சியில எங்கள யாருக்குத் தெரியும், நீங்களே வச்சுக்குங்கம்மா." என் ஸ்டுடியோவில் கல்லாவுக்கு நேர் எதிரே மாட்டியிருக்கிறேன். கல்யாண ஆல்பம் பார்க்க வருகிறவர்கள் எல்லாவற்றையும் விட்டுவிட்டு அந்த முகத்தைத்தான் பார்க்கிறார்கள். என்னவோ சொல்ல வருகிற மாதிரி இருக்கிறதே, யார் இவர் என்று கேட்கிறார்கள்.

தெலுங்குக்காரர் என்கிறேன்.